ஜனாதிபதிக்குப் பூ வைக்கிற கடை

கழற்றத்தான் வேண்டும். முதலில் இந்தக் கேத்தில் தண்ணீர் கொதிக்கட்டும், பிறகு கழற்றலாம். விறகு ஈரம், புகைதான் வருகிறது, நெருப்பு வரவில்லை. காஸ் சிலிண்டர் வெறுமனே மூலையில் நிற்கிறது, அதன் தலையில் துடைக்கிற துணியைக் காயப்போட்டிருக்கிறேன், இப்போது அதனால் எனக்கு அவ்வளவுதான் உதவி. கரண்ட் இல்லை. மின்விசிறி நின்ற பிறகுதான் இந்தச் சின்னத் தேத்தண்ணீர்க் கடைக்குள் எவ்வளவு அமைதி ஒளிந்திருந்தது என்று தெரிகிறது, ஈ பறப்பது கேட்கிறது, என் மூச்சு கேட்கிறது. சுவரில் ஜனாதிபதி சிரித்துக்கொண்டிருக்கிறார். காலையில் நான் செருகிய செவ்வரத்தம்பூ படச்சட்டத்தின் மேல்விளிம்பில் வாடி, அவருடைய நெற்றிக்கு நேரே தொங்குகிறது. நாலு மணிக்கு ஊர்வலம், இந்த வீதியால்தான் வரும் என்று லாபிர் நானா சொல்லிவிட்டுப் போனார். கடைக்கு முன்னால் த்ரீவீல் ஓட்டுகிறவர் அவர், இப்போது பெற்றோல் இல்லாமல் அதற்குள்ளேயே படுத்திருக்கிறவர். "மொதலாளி, வெறகு நனைஞ்சி ஈக்கிது எண்டு அழுறீங்க. அந்தப் படத்தக் கழட்டி அடுப்புல வைங்கோ. அவர் நல்லாப் பத்துவார்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை விழுங்கிவிட்டு, "சும்மா சொல்லல்ல. சந்தியில ஹாட்வெயார் கடைல படத்துக்கு எறிஞ்ச கல்லு அலுமாரிக் கண்ணாடி எல்லாத்தையும் கொண்டு போயிட்டு. கழட்டுங்கோ" என்றார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அடுப்பில் வைக்கச் சொல்கிறார். அவருக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி போய்விட்டாள், மற்றவன் இங்கே புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறேன். ஜனாதிபதிக்குப் பின்னால் என் மகன் இருக்கிறான். அதே சட்டத்துக்குள், அதே கண்ணாடிக்குப் பின்னால், சேந்தன்.

ஆணி அதே ஆணிதான். கொட்டாஞ்சேனையில் எங்கள் தமிழ் ஆட்கள் கடை போட்டால் சுவரில் ஒரு சாமி படம் இருக்கும், ஒரு ஜனாதிபதி படம் இருக்கும். சாமி வியாபாரத்துக்கு, மற்றவர் பாதுகாப்புக்கு. வாசலில் துவக்கோடு வந்து நிற்கிறவனுடைய கண் முதலில் சுவருக்குத்தான் போகும் என்று எனக்கு முன்னால் இந்தக் கடையை வைத்திருந்தவர் சொல்லித் தந்தார். ஆள் மாறினால் படத்தை மாற்று, மாறின அன்றைக்கே மாற்று, ஒரு நாள் பிந்தினாலும் ஏன் பிந்தினாய் என்று யாராவது யோசிப்பான். அப்படித்தான் யுத்தம் நடந்துகொண்டிருந்த அன்றைக்கும் ஒருவர் தொங்கினார், கும்பிட்டுக்கொண்டு நிற்கிறவர், மெல்லிய தாளில் அச்சடித்த படம். அந்தக் கிழமைதான் சேந்தனைக் கொண்டுபோயிருந்தார்கள். பஸ் தரிப்பில் வைத்து. சீருடை இல்லை, வாகனத்துக்கு இலக்கம் இல்லை, அவ்வளவு சனம் நின்றும் ஒருவரும் ஒன்றையும் பார்க்கவில்லை, ஒரு செருப்பை மட்டும் ஒரு பெண் எடுத்துவந்து தந்தாள், அதையும் யார் என்று கேட்பதற்குள் போய்விட்டாள். பிறகு வீட்டைச் சோதிக்க வந்தார்கள். வீடு என்பது கடைக்குப் பின்னால் உள்ள இந்த ஒரு அறையும் குசினியும்தான். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது, நான் கொக்கியைக் கழற்றவா விடவா என்று நிற்கிறேன், இப்போது நிற்கிற மாதிரியேதான், அப்போதும் எனக்கு உடனே ஒன்றும் விளங்கவில்லை. என் மனைவி தவமலர் என்னைத் தாண்டிக் கடைக்குள் ஓடினாள். மேசைக்கு மேலே இருந்த அவனுடைய ஸ்டூடியோப் படத்தை எடுத்தாள், ஆட்கள் குந்துகிற வாங்கில் ஏறினாள், சட்டத்தைத் திருப்பி, பின்பலகையை நகத்தால் நெம்பி, கும்பிடுகிறவருக்குப் பின்னால் பிள்ளையைச் செருகினாள். இறங்கி முந்தானையைச் சரிசெய்து, "இனித் திறவுங்கோ" என்றாள். அவர்கள் அல்பங்களை எடுத்தார்கள், அவனுடைய பள்ளிக்கூடப் படத்தை எடுத்தார்கள், எங்கள் கலியாணப் படத்தைக்கூட அவன் ஆட்கள் யாராவது நிற்பார்களோ என்று எடுத்தார்கள். கடைக்குள் வந்த ஒருவன், சின்னப் பெடியன், மீசை அரும்பவில்லை, சுவரைப் பார்த்தான். சட்டம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. தவத்தின் கை என் கையைப் பிடித்தது, அந்தப் பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. அவன் துவக்கைத் தோளில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் சட்டத்தை நேராக்கினான். நேராக இருக்கிறதா என்று ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

கேத்தில் முனகத் தொடங்குகிறது. இல்லை, அது வீதியில் ஏதோ. ஊர்வலம் இவ்வளவு கெதியாக வராது. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கிற பெண்கள் போத்தல்களைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். படத்தை எடுத்துவிட்டு நாளைக்கு இவர் பதவியை விட்டுப் போகாமல் இருந்துவிட்டால்? இவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினாலும் இவர் போவார் என்று என்ன நிச்சயம். பிறகு ஆணியில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து ஒருவன் வந்து கேட்பான், ஊர்வலம் வந்த அன்று ஏன் கழற்றினாய் என்று, மற்றவர்களைக் கேட்கமாட்டான், என்னைக் கேட்பான், பெயர் என்ன, கதிரேசு, எந்த ஊர், ஓகோ. கழற்றாவிட்டால் கல். எந்தப் பக்கம் பயப்படுவது என்று தெரியவில்லை. முந்தி ஒரு பக்கம்தான் பயம், அது ஒரு வசதி. தவம் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் வெள்ளிக்கிழமைகளில் சட்டத்துக்குப் பூ வைக்கத் தொடங்கினபோது நான் வேண்டாம் என்றேன். "நான் என்ர பிள்ளைக்கு வைக்கிறன். பார்க்கிறவன் என்ன வேணுமெண்டாலும் நினைக்கட்டும்" என்றாள். பார்க்கிறவர்கள் நினைத்தார்கள். லாபிர் நானா, "அக்கா இண்டைக்கிப் பூ வைக்கிறா, நாளைக்கிப் பொங்கிப் படைக்கப்போறா" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அவளும் சிரித்தாள். கட்சி ஆள் ஒருவன் வந்து பார்த்துக் குளிர்ந்துபோய், ஒரு கலண்டரும் சுவர்க்கடிகாரமும் தந்துவிட்டுப் போனான். கடிகாரம் ஓடவில்லை. தெல்லிப்பழையிலிருந்து வந்த அவளுடைய சொந்தத் தம்பி வாசலில் நின்று பூவைப் பார்த்தான், தேத்தண்ணீரை வாங்கிவிட்டுக் குடிக்காமல் வைத்தான். "பிள்ளையைத் துலைச்சுப்போட்டு அவனுக்கே பூ வைக்கிறியளோ. வெக்கமில்லையே, அக்கா?" அவள் அந்தக் கோப்பையை எடுத்துக் கழுவினாள். அவன் பிறகு வரவேயில்லை, அவளுடைய கடைசிக் காரியத்துக்கும் வரவில்லை. தம்பிக்காவது சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டபோது, சொன்னால் அவன் பார்க்கக் கேட்பான், திறக்கச் சொல்லுவான் என்றாள். திறக்கக்கூடாது. அதில் அவள் பிடிவாதம். ஏனென்றால் பிள்ளையைத் தேடிப் போன ஒவ்வொரு கந்தோரிலும் படம் கொண்டுவா என்றுதான் கேட்டார்கள். பொலிசில் ஒன்று, ஆணைக்குழுவில் ஒன்று, அடுத்த ஆணைக்குழுவில் ஒன்று, வெளிநாட்டுக்காரர் ஒன்று, காணாமற்போனவர்களுக்கான ஊர்வலத்தில் பிடிக்கவென்று ஒன்று. தூரத்துச் சொந்தக்காரரிடம் இருந்ததையெல்லாம் வாங்கி வாங்கிக் கொடுத்தோம். ஒன்றும் திரும்பி வரவில்லை. இந்தப் படத்தை எடுத்துப் பிரதி போடுவோமே என்று நான் சொன்னபோது, "ஆக்களுக்குக் குடுத்துக் குடுத்தே பிள்ளை முடிஞ்சுபோனான். இது குடுக்கிறதுக்கில்லை" என்றாள். ஜனாதிபதி மாறினபோது அவளே ஏறினாள், என்னை விடவில்லை. பழையவரை எறியாமல், அவருக்கு முன்னால் புதியவரைச் செருகினாள். கும்பிடுகிறவருக்கு முன்னால் கையசைக்கிறவர். கையசைக்கிறவருக்கு முன்னால் சிரிக்கிறவர். பின்பலகை இப்போது வீங்கி நிற்கிறது. மகன் பின்னுக்குப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தான்.

நான் பூ வைக்கிறேன். அவள் போன பிறகு. வெள்ளிக்கிழமை மட்டும் என்றில்லை, எல்லா நாளும், ஏனென்றால் எந்த நாள் வெள்ளி என்று சில நேரம் பிசகிவிடுகிறது. அவளைக் கொரோனா வாட்டுக்குள் கொண்டுபோனார்கள், பிறகு ஒரு பெட்டி, பெட்டிக்குள் அவள்தான் என்று சொன்னார்கள், சொன்னதை நம்பினேன். ஒரு முகமும் பார்க்கக் கிடைப்பதில்லை எனக்கு. இதுதான் சொல்ல வெட்கமாக இருக்கிற விஷயம், தவத்திடம்கூட நான் சொல்லவில்லை, சேந்தனுடைய முகம் எனக்கு வருவதில்லை. கண்ணை மூடி அவனை நினைத்தால் சட்டம் வருகிறது, சட்டத்துக்குள் சிரிக்கிறவர் வருகிறார், பூ வருகிறது. இத்தனை காலம் ஒரு மனிதனைப் பார்த்து மகனே மகனே என்று மனதுக்குள் சொன்னால் பிறகு என்ன நடக்கும். முகத்தில் மூக்கு எப்படி, தெரியாது. கண், தவத்தின் கண் என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் அது சொன்னதன் ஞாபகம், கண்ணின் ஞாபகம் இல்லை. இடதுகாது மட்டும் தெரியும். மேல்மடல் ஒரு சின்ன மடிப்பு, வயிற்றுக்குள் இருந்தபோதே மடிந்தது, பிறந்த அன்று தாதி நிமிர்த்திப் பார்த்துவிட்டு விட்டாள். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள் என்று தலைமயிரை இழுத்து மூடுவான். குப்புறத்தான் படுப்பான், அந்தக் காது மேலே தெரிய. விடியக் கடை திறக்க எழும்பும்போது நான் பார்ப்பது அந்தக் காதைத்தான், பிடித்து இழுத்து எழுப்புவேன். "விடுங்கோ அப்பா, ஒரு அஞ்சு நிமிசம்." குரல் வருகிறது. குரல் வரும்போது முகம் ஏன் வரவில்லை. திறந்து பார்க்கலாம் என்று எத்தனையோ தரம் வாங்கில் ஏறினேன். ஏறிவிட்டுத் தூசி தட்டிவிட்டு இறங்கினேன். திறந்தால் அவன் இருப்பான் என்பதற்காகவா, திறந்தும் அவன் யாரோ ஒரு பெடியனாகத் தெரிந்துவிட்டால் என்பதற்காகவா, எனக்கே தெரியவில்லை.

மேல்மாடியில் தட்டுகிற சத்தம். மேல்வீட்டு உதாரி ஊர்வல மட்டைகளுக்குத் தடி அடிக்கிறாள். காலையில் படியால் இறங்கி வந்தாள், கையெல்லாம் சிவப்பு வர்ணம், பல்கலைக்கழகத்துப் பிள்ளை, சிங்களத்தில்தான் பேசுவாள், என் பெயருக்கு அங்கிள் என்று வைத்திருக்கிறாள். "அங்கிள், கோபிக்காதீங்க. அந்தப் படத்த எடுத்திட்டா நல்லம். எங்கட ஆக்கள் எல்லாரும் என்னைப் போல இல்ல" என்றாள். பிறகு தயங்கி, "அன்ரிக்கு அவரில பிரியம் எண்டு எனக்குத் தெரியும். அன்ரிக்காக வச்சிருக்கிறீங்க எண்டும் தெரியும். ஆனா அவர் எங்களுக்குச் செய்ததப் பாருங்க" என்றாள். அன்ரிக்கு அவரில் பிரியம். எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை, தேத்தண்ணீர் குடிக்கிறாயா பிள்ளை என்று மட்டும் கேட்டேன். பால் இல்லை, வெறுந்தேத்தண்ணீர்தான், சீனியும் உள்ளங்கையில் நக்குகிற அளவுதான். அவள்தான் அன்றைக்கும் வந்தாள். யுத்தம் முடிந்துவிட்டது என்று வீதி முழுக்க வெடி கொளுத்தின அன்று, ஆறேழு வயதுப் பிள்ளை, தட்டில் பாற்சோறு கொண்டுவந்தாள், மேலே உறைப்பான கட்டைச் சம்பல், அம்மா தரச் சொன்னா என்று. வெள்ளைச் சட்டை, தலையில் ஒரு கொடி. நான் உள்ளே போய்விட்டேன். தவம் வாங்கினாள், சிங்களத்தில் நன்றி சொன்னாள், தட்டைக் கழுவினாள், வெறுந்தட்டாய்த் திருப்பக்கூடாதென்று இரண்டு கதலிப்பழம் வைத்துக் கொடுத்தாள். நான் பாற்சோற்றைக் கொட்டப் போனேன். "சோறு என்ன செய்தது?" என்றாள். ஒரு துண்டை எடுத்துக் கிண்ணத்தில் வைத்துச் சட்டத்துக்கு முன்னால் வைத்தாள். சேந்தனுக்குப் பாற்சோறு என்றால் உயிர். வெடிச்சத்தத்துக்கு நடுவில் கடைக்குள் எட்டிப் பார்த்தவர்கள் அதைக் கண்டார்கள், ஜனாதிபதிக்குப் பாற்சோறு படைத்திருக்கிறாள் தமிழ் மனுசி, அடடா என்று ஒருவன் தோளில் தட்டினான். நான் சிரித்தேன். முகத்தில் எப்படிச் சிரிப்பு வந்தது. அதே வீதிதான் இன்றைக்கு ஜனாதிபதியைப் போகச் சொல்லிக் கத்தப்போகிறது. நான் சந்தோசப்பட வேண்டும். பால்மா இல்லாத போது வருகிற கோபம் பிள்ளை இல்லாத போது எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது, யாரைக் கேட்பது, உதாரியையா, அவள் அப்போது தலையில் கொடி கட்டிய குழந்தை. ஆனால் எனக்கும் கோபம் வருகிறதே, காஸுக்கு வரிசையில் நின்று மயங்கி விழுந்த அன்று எனக்கும் வந்தது, வாய்க்குள் தூசணம் வந்தது, அது சேந்தனுக்காக வந்த கோபமா சிலிண்டருக்காக வந்த கோபமா என்று இன்றைக்கு வரையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு பெரிதுக்கு அடக்கினதெல்லாம் அவ்வளவு சின்னதுக்கு வெளியே வந்தது. இவர்களுக்கும் அப்படித்தானோ. எனக்குத் தெரியாது. கேத்தில் கொதிக்கிறது.

ஏறிவிட்டேன். வாங்கு ஆடுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். சட்டத்தைத் தூக்கினேன், பூ தரையில் விழுந்தது, சுவரில் வெளிறாத சதுரம் ஒன்று தெரிந்தது, கடைக்கு ஒருகாலத்தில் பச்சை அடித்திருந்தோம் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேசையில் குப்புற வைத்தேன். ஆணிகள் துருப்பிடித்து நிற்கின்றன, குறட்டால் ஒவ்வொன்றாக வளைத்தேன், பின்பலகை கரப்பான்முட்டையோடு வந்தது. தூரத்தில் இப்போது உண்மையாகவே சத்தம். கோசம் விளங்கவில்லை, தாளம் மட்டும் வருகிறது. பலகைக்குக் கீழே அவன் இருந்தான். குப்புற. எல்லாம் குப்புறத்தானே இருக்கும், சட்டத்தைக் கவிழ்த்து வைத்தது நான்தான், ஆனால் எனக்கு அவன் படுத்திருக்கிற மாதிரியே இருந்தது. படத்தின் வெள்ளை முதுகு, ஸ்டூடியோ முத்திரை, அதற்குக் கீழே தவத்தின் எழுத்து, சேந்தன் என்று மட்டும். எடுத்தேன். வரவில்லை. அவனோடு சேர்ந்து கும்பிடுகிறவரும் வந்தார். கையசைக்கிறவரும் சிரிக்கிறவரும் தாங்களாகக் கழன்று மேசையில் விழுந்தார்கள், வழுவழுப்பான தடித்த தாள். கும்பிடுகிறவர் மட்டும் விடவில்லை. இந்தக் கடையின் ஆவியும் மழைக்காலத்து ஈரமும் இத்தனை வருடமும் சேர்ந்து, அவருடைய முதுகும் என் பிள்ளையின் முகமும் ஒட்டிப்போயிருக்கின்றன. நகத்தால் ஓரத்தைக் கிள்ளினேன். வெள்ளையாக உரிந்தது. விட்டேன். நெருப்புக்குப் பக்கத்தில் போய்க் கேத்திலின் மூக்கில் ஆவியில் பிடித்தேன், கை சுட்டது, பிடித்தேன், தபால் முத்திரையை அப்படித்தான் உரிப்பார்கள், சேந்தன் அப்படித்தான் உரித்துச் சேர்த்தான் இதே கேத்திலில். இடது ஓரம் இளகியது. நீலத்திரை. ஸ்டூடியோவின் நீலத்திரை. இன்னும் கொஞ்சம். தலைமயிர். இன்னும் கொஞ்சம், மெல்ல, மூச்சு விடாமல். காது. மேல்மடல் மடிந்த காது. அதற்கு அங்கால் இழுத்தபோது கன்னத்தின் தொடக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு கிழியத் தொடங்கியது, நான் நிறுத்திவிட்டேன். இனி இழுத்தால் முகம் அவருடைய முதுகோடு போய்விடும். இழுக்காவிட்டால் முகம் உள்ளேயே இருக்கும். காதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெரிந்ததுதான் திரும்பவும் கிடைத்திருக்கிறது, தெரியாதது அங்கேயே இருக்கிறது. ஆனாலும் காது சரியாக இருந்தது. நான் மறக்கவில்லை. அந்தக் காதை நான் சரியாகத்தான் வைத்திருந்தேன்.

வாசல் இருண்டது. ஆட்கள். கோசம் இப்போது கடைக்குள்ளேயே கேட்கிறது, பானை தட்டுகிறார்கள், மட்டைகள் கதவு நிலையில் இடிக்கின்றன. லாபிர் நானா குறுக்கே நின்று, "கழட்டிட்டார், கழட்டிட்டார், பாருங்கோ செவுரு சும்மா ஈக்கிது" என்று இரண்டு மொழியிலும் கத்துகிறார். உதாரி முன்னால் வந்தாள், கன்னத்தில் வர்ணம். நான் மேசையில் கிடந்த இரண்டையும் எடுத்து நீட்டினேன், சிரிக்கிறவர், கையசைக்கிறவர், யாரோ பறித்தார்கள், வெளியில் ஒரு ஆரவாரம், கிழிகிற சத்தம். நல்லது. போகட்டும். பிறகு ஒரு பெடியன், தாடி வைத்த, நல்ல முகமுள்ள பெடியன், என் கையில் இருக்கிறதைக் கண்டுவிட்டான். "முதலாளி, அதையும் தாங்க. எல்லாத்துக்கும் தொடக்கம் அவர்தான்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு ஒரு மூலையைப் பிடித்தான். கும்பிடுகிறவர் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், முதுகில் என் பிள்ளை, ஈரத் தாள், அவன் பிடித்த மூலை கசங்குகிறது. விடு என்று சொல்ல வேண்டும். சிங்களத்தில் விடு என்றால் என்ன, இத்தனை வருடம் இந்த மொழியில் மீதிக்காசும் கொடுத்துப் பகிடியும் விட்டவனுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. "அவன் என்ர மகன்" என்றேன். முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். "இவர் என் மகன்." பெடியன் படத்தைப் பார்த்தான். கும்பிடுகிறவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பின்னால் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். "ஜனாதிபதி அங்கிளின்ட மகனாம்!" "மகனுக்குச் சொல்லி எங்களுக்கு ரெண்டு காஸ் சிலிண்டர் எடுத்துத் தாங்க, முதலாளி!" "மகன் எப்ப வீட்டுக்குப் போறார் எண்டு கேளுங்க!" லாபிர் நானாவும் சிரித்தார், பாவம், நான் பயத்தில் உளறுகிறேன் என்று நினைத்து என்னைக் காப்பாற்றச் சிரித்தார். நானும் சிரித்தேன்போல, வாய் தானாகப் போனது, பாற்சோற்று அன்று போலவே. பெடியன் இழுத்தான். நான் இழுக்கவில்லை, இழுத்தால் கிழியும், அவன் போன பக்கம் கூடவே போனேன், மேசையைச் சுற்றிக்கொண்டு, மூலையை விடாமல், இரண்டு பேரும் ஒரு தட்டைச் சேர்ந்து சுமக்கிற மாதிரி. அந்த நடையில்தான் படம் திரும்பியிருக்க வேண்டும்.

உதாரி சிரிக்கவில்லை. அவளுக்கு நேரே தாளின் பின்பக்கம். குப்புறக் கிடக்கிற சின்னப் படம், வெள்ளை முதுகு, இளகித் தூக்கி நிற்கிற ஓரம், அதற்குள் நீலத்திரை, அதற்குள் ஒரு காது. அவள் குனிந்து அந்த இடுக்குக்குள் பார்த்தாள், தொடவில்லை. தரையில் கிடந்த பூவைப் பார்த்தாள். சுவரில் ஆணியைப் பார்த்தாள். அவளுக்குள் என்னென்ன போயிற்று என்று எனக்குத் தெரியாது, வெள்ளிக்கிழமைகளா, கிண்ணத்துப் பாற்சோறா, முகம் மட்டும் ஒரேயடியாகச் சின்னப் பிள்ளையின் முகமாகிவிட்டது. "விடு" என்றாள் பெடியனிடம். ஓ, அதுதான் அந்தச் சொல். அவன் ஏன் என்றான். "விடடா, பின்னால ஆள் இருக்கு" என்றாள். அவன் விளங்காமல் விட்டான். மூலை கசங்கியிருந்தது, கும்பிடுகிறவரின் ஒரு கை மடிந்துபோயிருந்தது, பின்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சட்டத்தை எடுத்தேன். லாபிர் நானா தானாக வந்து பலகையைப் பிடித்தார். தாளைத் திருப்பி வைத்தேன். அவருடைய முகம் பலகைப் பக்கம், பிள்ளையின் வெள்ளை முதுகு கண்ணாடிப் பக்கம். சேந்தனும் குப்புறத்தான், ஆனால் இப்போது அவனுக்கும் எனக்கும் நடுவில் வேறு ஆள் இல்லை, எழுப்பாமல் விட்டுவிட்டு நிற்கலாம், அஞ்சு நிமிசம் என்றால் அஞ்சு நிமிசம். உதாரி வாங்கில் ஏறி ஆணியில் மாட்டினாள். சரிந்திருந்தது. நேராக்கினாள், இறங்கி ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தாள், எனக்கு ஒருகணம் யார் நிற்கிறார்கள் என்று குழம்பிவிட்டது, துவக்கைத் தோளில் போட்ட பெடியனா, இவளா. கண்ணாடிக்குள் தவத்தின் எழுத்து. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "பேர் என்ன, அங்கிள்?" என்று கேட்டாள், வர்ணக் கையைச் சட்டையில் துடைத்தபடி, தமிழில், அவளுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில். கடையில் அந்தப் பெயரை நான் சொன்னதேயில்லை. குசினிக்குள் சொல்லியிருக்கிறோம், சத்தம் வெளியே போகாமல் தண்ணீரைத் திறந்துவிட்டு.

"சேந்தன்" என்றேன்.

சொல்லிவிட்டு, பழக்கத்தில், யாருக்காவது கேட்டுவிட்டதோ என்று வாசலைப் பார்த்தேன். வாசல் முழுக்க ஆட்கள் நின்றார்கள்.